பள்ளம் வைத்த மேசை

செல்லமுத்துவால் வலது தோளைத் தூக்க முடியவில்லை. பதினோரு நாள் பலாப்பலகை இழைத்த வலி. சோற்றை இடது கையால் அள்ளினான்.

"பீச்சாங்கையில திங்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?" என்றாள் மனைவி ராசம்மாள். "இந்தத் தோளோட ஏணி ஏறுவீங்களா? மிளகு ஆரு பறிப்பா?"

"டீச்சரம்மாதான். அஞ்சு பேரு, ரெண்டு நாளு. அதான பேச்சு."

மலைக்கு மாற்றலாகி வந்த ஜாஸ்மின் டீச்சர் கேட்டது, போர்டு கேம் ஆட ஒரு மேசை. பகடை கீழே விழாதபடி நடுவில் மூன்று அங்குலப் பள்ளம். பலகை போட்டு மூடினால் மேலே சாப்பிடலாம். பாதி ஆட்டம் அடியில் கலையாமல் கிடக்கும் என்று செல்லமுத்துவே உறுதி சொன்னான். சனி, ஞாயிறில் ஐந்து டீச்சர்கள் கூடி ஆடுவார்கள். மிளகு பழுக்கும் மாதத்தில் திருப்புலி நாட்டு மலை ஊர்களில் கூலிக்கு ஆள் கிடைக்காது. அதனால் செல்லமுத்து காசு கேட்கவில்லை, ஆள் கேட்டான். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

மேசையை டீச்சர் வீட்டில் கொண்டுபோய்ப் பொருத்தியதும் ஜாஸ்மின் பகடையை உருட்டினாள். தெற்கு மூலையில் போய் நின்றது. மறுபடி உருட்டினாள். அதே மூலை. வட்டக் காய்களும் பின்னாலேயே சறுக்கின.

"என்ன அண்ணே, சரிவா இருக்கு?"

"தரை சரியில்லீங்க டீச்சர்."

ரசமட்டம் வைத்தார்கள். தரை சரி, கால் சரி. பள்ளத்தின் அடிப்பலகைதான் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. செல்லமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. இருபது வருடமாகத் தேனீப் பெட்டி செய்கிற கை. மழைத் தண்ணீர் வடிய அடியைச் சாய்த்தே பழகிய கை. அவனைக் கேட்காமலே சாய்த்திருக்கிறது.

பலகை சுமந்து வந்திருந்த ராசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊட்டுக்குள்ள ஏதுங்க மழை? தேனீயா வந்து பகடை உருட்டப்போவுது?"

"மட்டமாக்கிக் குடுங்க அண்ணே. அப்புறம்தான் மிளகுக்கு வருவோம்" என்றாள் ஜாஸ்மின்.

அதே தோளோடு இன்னும் நான்கு நாள். பிரித்தான், இழைத்தான், பூட்டினான். காட்டில் மிளகு உதிர்ந்துகொண்டிருந்தது. ராசம்மாள் தனியாக ஏணி ஏறி, எட்டின வரை பறித்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஐந்து சாக்கோடு டீச்சர் வீட்டு வாசலில் நின்றான். ஐந்து பேரும் இருந்தார்கள். மேசையைச் சுற்றி.

"அண்ணே, சூப்பர் மேசை! பகடை எப்படி நிக்குது பாருங்க! ஒரே ஒரு ஆட்டம், முடிச்சிட்டு வந்துடறோம்."

"எவ்வளவு நேரமுங்க?"

"ஆறு மணி நேரம்தான்."

மதியம் போனான். ஆட்டம் முடியவில்லை. ஞாயிறு போனான். முடியவில்லை. சாயங்காலம் பலகையைப் போட்டு மூடி, அதன்மேல் பிரியாணி தின்றுகொண்டிருந்தார்கள்.

"அடுத்த வாரம் முடிச்சிருவோம் அண்ணே. மூடி வச்சா கலையாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

செல்லமுத்து காலிச் சாக்குகளை இடது தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மரத்தடியில் ராசம்மாள் குனிந்து, உதிர்ந்த மிளகை மண்ணோடு கூட்டிக்கொண்டிருந்தாள்.

டீச்சர்கள் தர வேண்டியது ஐந்து ஆள், இரண்டு நாள் மிளகுப் பறிப்பு. இன்னும் தரவில்லை.