பட்டினி டூட்டி

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வருகிறவனுக்கு அழக்கூடத் தெரிவதில்லை. போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறான். எடுத்த கையோடு டீ எங்கே என்கிறான். ராஜகீழ்ப்பாக்கத்தில் தம்பி வீட்டு கேட்டைப் பிடித்தபடி சுவிசேஷமுத்து கறுவிக்கொண்டிருந்தார். உள்ளே பெட்டியில் சத்தியநாதன். ரயில் ஓட்டுகிறவன்; டூட்டி முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பெட்டியை மூடுமுன் அண்ணன்காரன் முகம் பார்க்க வேண்டும். இவரோ வாசலைத் தாண்டவில்லை.

தம்பி மனைவி தபீதாள் வெளியே வந்தாள். "மச்சான், பாஸ்டர் வந்துட்டாரு. உள்ள வாங்க."

"கோவளம் விருந்துல என் வூட்டு சோறு எறங்காதவன் மூஞ்ச நான் இன்னாத்துக்குப் பாக்கணும்?"

அது போன மாசத்துச் சங்கதி. கோவளத்தில் பேத்தியின் ஞானஸ்நான விருந்து. தம்பிக்காகவே வஞ்சிரம் வாங்கிப் பொரிக்கச் சொல்லியிருந்தார். அவன் இலை முன்னால் உட்காரவேயில்லை. "வயிறு சரியில்லண்ணே" என்று டூட்டிக்குக் கிளம்பிவிட்டான். "டிரைவர் தொரைக்கு எங்க சோறு நாறுதா? இனிமே என் வாசப்படி மிதிக்காதே!" என்று அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் கத்தினவர், பிறகு அவன் போனையே எடுக்கவில்லை.

செங்கொடியோடு வந்திருந்த ரயில் டிரைவர்கள் சங்கத்து மெர்வின் திரும்பினார். "கோவளம் விருந்தா? ஐயா, அன்னிக்கு எங்க போராட்டம். வாராவாரம் ஒழுங்கா ரெஸ்ட் கேட்டு, சாப்பிடாமலே வண்டி ஓட்டினோம். வண்டிய நிறுத்தினா ஜனங்க தவிச்சிடுவாங்க இல்ல?"

"துன்னாம வண்டி ஓட்டுவானுங்களாம்! என்கிட்ட சொன்னா இன்னா?"

தபீதாள் தரையைப் பார்த்தாள். "சொன்னா சங்கத்த அசிங்கமா திட்டுவீங்கன்னு பயந்தாரு. வீட்டுக்கு வந்து, அண்ணன் எனக்குன்னு வாங்கின மீனுடின்னு அழுதாரு."

சுவிசேஷமுத்துவுக்குக் காது மடல் சுட்டது. உள்ளே போனார். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். தம்பியின் மார்புவரை கொடி போர்த்தியிருந்தது. அதற்குமேல் கண்ணை உயர்த்த அவரால் முடியவில்லை.

"நெத்தியில முத்தம் குடுங்க மச்சான்" என்றாள் தபீதாள்.

அவர் வந்த வழியே வெளியேறினார்.

"பட்டினி கெடந்தா மேலதிகாரி பயந்துடுவானா? எவன் நம்புவான் இத" என்று முணுமுணுத்துக்கொண்டே வேளச்சேரி ரோட்டில் நடந்தார். பின்னாலிருந்து சவ வண்டி மெல்ல வந்து அவர் பக்கத்தில் ஊர்ந்தது. உள்ளிருந்து மெர்வின் கதவைத் திறந்தார்.

"ஏறுங்க ஐயா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் வருகிறதா என்று எதிர்ப்பக்கம் பார்த்தபடியே நடந்தார்.