ஈறுக்கு அடியில் நடந்த சண்டை

இரண்டாம் பாதி ஆட்டம் தொடங்க விசில் ஊதியபோதே அந்தக் கால்பந்து நடுவரின் முன்பல் ஆடியது. விசிலை வாயிலிருந்து எடுத்தார், முனையில் ரத்தம். எடுத்ததற்கெல்லாம் எரிந்துவிழுவதால் ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கடுகடுப்பு’. மிச்ச ஆட்டத்தைக் கையை வீசியும் கத்தியுமே நடத்தி முடித்தார்.

மறுநாள் ஒரு பல் மருத்துவரிடம் போனார். அந்தம்மா மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்த்தார். கம்பி தயக்கமில்லாமல் இறங்கியது.

“வலியே இல்லையே டாக்டர்! ரெண்டு வேளையும் தேய்க்கிறேன்.”

“வலிக்காமலே காலி பண்ணிடும். ஈறுக்கு அடியில கிருமி படலமா ஒட்டியிருக்கு. அதை விரட்ட உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்புது. கிருமி அசையறதில்ல, உடம்பும் விடறதில்ல. இந்தச் சண்டையில உங்க ஈறும் பல்லைத் தாங்கற எலும்பும்தான் கரைஞ்சு போச்சு.”

“என் பல்லை என் உடம்பே பிடுங்குதா?”

“கிளப்பிவிட்டது கிருமி. முன்னாடியே அதைச் சுரண்டி எடுத்திருந்தா உடம்பும் அடங்கியிருக்கும். ரத்தம் வந்தப்போ யார்கிட்டயும் காட்டலையா?”

காட்டியிருந்தார். அக்கா புருஷனே பல் மருத்துவர்தான். சாப்பாட்டு மேசையில் எத்தனை முறை கேட்டாலும், “ஒண்ணுமில்ல மாப்ள, உப்புத் தண்ணியில கொப்பளி” என்பார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

நடுவருக்கு உச்சி கொதித்தது. நேராக அத்தானின் கிளினிக்குக்குப் போனார். அக்கா அப்போதுதான் மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.

“ஒரே ஒரு தடவை கம்பி விட்டுப் பாத்தீங்களா அத்தான்?”

“வீட்டு ஆளுதானேன்னு...”

“ரோட்டுல போறவன் வந்தா பாப்பீங்க. நான் இளிச்சவாயன், அதுவும் பல் ஆடுற இளிச்சவாயன்!”

“கத்தாத, வெளிய ஆளுங்க இருக்காங்க.”

“நல்லா கேக்கட்டும்!”

அக்கா குறுக்கே வந்தாள். “விடுடா. எனக்கும்தான் ரத்தம் வருது. கொப்பளின்னாரு. கொப்பளிச்சுட்டு நான் கம்முனு இல்லையா?”

நடுவர் அக்காவின் கையைப் பிடித்து நோயாளி நாற்காலியில் உட்காரவைத்தார்.

“இப்ப பாருங்க. என் கண் முன்னாடி.”

அத்தான் கையுறை மாட்டிக்கொண்டார். இரண்டாவது பல்லருகே கம்பி ஆழமாக இறங்கும்போதே அவர் முகம் செத்துப்போனது. “எத்தனை நாளா இப்படி?” என்றார், மெதுவாக.

அக்கா அவர் கையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “உங்ககிட்டதானே சொல்லிட்டிருந்தேன். நீங்களே சொல்லுங்க.”

அவள் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளவில்லை. தம்பியோடு அந்தம்மாவிடமே போனாள். இருவருக்கும் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தார்கள். அவள் பற்கள் தப்பின. நடுவருக்கு முன்பல் போனது, மற்றவை நின்றன. கரைந்த எலும்பு பழையபடி வளராது என்று அந்தம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் மன்னிப்புக் கேட்க வந்தார். நடுவர் கதவைத் திறந்தார், நிலைப்படியில் நின்றே அத்தான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். உள்ளே வாங்க என்று மட்டும் சொல்லவில்லை.