மேனேஜர் கேமராவைப் பார்ப்பதில்லை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்க வருபவர்கள் இரண்டாவது தடவை கண்ணை மூடினாலே என் குரல் ஏறிவிடும். அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களிடமும் பூனைகளிடமும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன் என்றால் அதற்கு என் தங்கைதான் காரணம். கைவிடப்பட்ட பிராணிகளுக்கான காப்பகம் ஒன்றை அவள் நடத்துகிறாள். நான் படம் எடுத்துக் கொடுப்பேன். அவள் இணையத்தில் போடுவாள். பார்த்துப் பிடித்தவர்கள் வந்து கூட்டிப்போவார்கள். நல்ல படம் விழுந்தால் ஒரே வாரத்தில் வீடு கிடைத்துவிடும். ஒற்றைக்கண் பூனைக்குக்கூட நான் வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மேனேஜரிடம் மட்டும் என் பருப்பு வேகவில்லை.

மேனேஜர் ஏழு வயதுக் கறுப்பு நாய். காலையில் திறந்துவிட்டதும் எல்லாக் கூண்டையும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டு, ஆபீஸ் வாசலில் வந்து முறைத்துக்கொண்டு நிற்பார். அதனால் அந்தப் பெயர். இரண்டு முறை வீடு கிடைத்துப் போய், இரண்டு முறையும் திரும்பி வந்தவர். காப்பகத்தின் பாதி இடத்தை அடுத்த மாத முடிவுக்குள் காலி செய்தாக வேண்டும் என்று ஆனதும் தங்கை என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணா, அதுக்குள்ள வீடு கிடைக்காத பெரிய நாயெல்லாம் ஊருக்கு வெளியே இருக்கற கொட்டகைக்குப் போயிடும். அங்க நூத்தம்பது நாய். பார்க்க ஒருத்தரும் வரமாட்டாங்க. மேனேஜரோட பழைய படத்தை எல்லாரும் பார்த்தாச்சு, எப்படியாவது புதுசா ஒரு நல்ல படம் எடுத்துக் குடு. இங்க யார்கிட்டயும் இப்பச் சொல்லாதே. மனசு ஒடைஞ்சிடுவாங்க."

கறுப்பு நாயைப் படம் எடுப்பது லேசுப்பட்ட வேலையில்லை. அப்படியே எடுத்தால் நாய் வடிவத்தில் ஓர் ஓட்டைதான் விழும். பக்கவாட்டில் விளக்கு வைத்து, எதிர்ப்பக்கம் வெள்ளைத் துணி கட்டி, ஒவ்வொரு முடியும் தெரிகிற மாதிரி செய்துவிட்டேன். ஆனால் பொத்தானை அமுக்குகிற நேரத்தில் மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரவென்று கசக்கினேன். பொம்மையைக் கீச்சிட வைத்தேன். மண்டியிட்டுப் பூனை மாதிரிக் கத்தினேன். பக்கத்துக் கூண்டுகளில் பதினான்கு நாய்கள் பதில் சொல்லின. மேனேஜர் அசைந்து கொடுக்கவில்லை. மூன்று ஞாயிறு இப்படியே போயின.

மறுநாள் ஸ்டுடியோவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, எடுத்த இருநூறு படங்களையும் கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்டேன். கோபம் போய், ஏன் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலாகிவிட்டது. பயந்த நாய் அங்குமிங்கும் பார்க்கும். சலித்த நாய் தரையைப் பார்க்கும். இவரோ எல்லாப் படத்திலும் என் இடது தோளுக்கு மேலே ஒரே இடத்தைப் பார்க்கிறார். அதுவும் காதை நிமிர்த்தி, உத்தரவுக்குக் காத்திருப்பவர் போல.

முகத்தைப் படம் எடுப்பவர்கள் கண்ணைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்ப்போம். கண்ணில் வெளிச்சப் புள்ளி விழாவிட்டால் படமே செத்துப்போய் இருக்கும். மேனேஜரின் கண்ணைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். கருவிழியில் ஜன்னல் தெரிந்தது. விளக்கு தெரிந்தது. குந்தியிருக்கும் நான், தொப்பையோடு, தெரிந்தேன். எனக்குப் பின்னால் ஒரு நீல வாளி. வாளிக்கு மேலே, விரித்துத் தூக்கிய ஒரு கை.

காப்பகத்தில் நீல வாளியும் கையுமாக அலைபவர் ஒருவர்தான். கூண்டு கழுவுகிற அக்கா. எல்லோருக்கும் அவர் அக்கா, பத்து வயது மூத்த எனக்கும்கூட. பதிலுக்கு அவர் என்னை அண்ணா என்பார். சாப்பாடு வைக்கும்போது அவர் கையைத் தூக்கினால் அத்தனை நாயும் உட்கார்ந்து அவரையே பார்க்கும். அப்படிப் பழக்கியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு, படம் எடுக்கப்போவது போலப் பாவனை செய்து, சட்டென்று திரும்பினேன். தூக்கிய கையோடு அக்கா கையும் களவுமாகப் பிடிபட்டார். 

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. "நாலு வாரமா என்னைக் கிறுக்கனாக்கினது நீங்கதானா அக்கா?"

"ஆமா, நான்தான்," என்றார். மழுப்பவில்லை. வாளியைக் கீழே வைத்தார். "உங்க போட்டோவைப் பார்த்துத்தான் ரெண்டு தடவையும் வந்து கூட்டிட்டுப் போனாங்க. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கப்போட்டு, கழுத்துல செவப்புத் துணி வேற. பார்க்கறவங்களுக்குச் சிரிக்கற மாதிரி இருந்துச்சு. அது சிரிப்பா அண்ணா? உங்க வெளக்கைப் பார்த்துப் பயந்து இரைச்சுக்கிட்டு இருந்தான்."

"எல்லா நாயும் அப்படித்தானே..."

"இவன் வாயை மூடிட்டு இருந்தாத்தான் நிம்மதியா இருக்கான்னு அர்த்தம். சிரிக்கற நாய்னு நம்பிக் கூட்டிட்டுப் போனாங்க. இவன் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டான். பந்து போட்டா எடுக்கலை. மொத வீட்ல ஆறு நாள், அடுத்த வீட்ல பத்து நாள். திருப்பிக் கொண்டுவந்து விட்டப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் சாப்பிடலை. மூணாவது தடவை தாங்கமாட்டான். அதுக்கு இங்கயே என்கூட இருந்துட்டுப் போகட்டும்."

இங்கேயே இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல் கொட்டகை விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ நாலு வாரத்தை நானே வீணாக்கிட்டேனா?" என்றார்.

அதற்கு மேல் கோபப்பட எனக்கு முகமில்லை. இருபத்தைந்து வருடமாக எதிரில் உட்கார்ந்தவர்களையெல்லாம் 'கொஞ்சம் சிரிச்ச முகமா' என்று விரட்டிப் பழகியவன், ஒரு நாயின் பயத்தையும் சிரிப்பு என்று ஊருக்குக் காட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"உள்ளபடியே எடுத்துப் பார்ப்போமா?" என்று கேட்டேன்.

விளக்கை அணைத்து, துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, அன்று முழுவதும் மேனேஜர் பின்னாலேயே நடந்தேன். இத்தனை நாள் இவரை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. தண்ணீர்த் தொட்டியில் குட்டிகள் குடித்து முடிக்கும் வரை ஒதுங்கி நிற்கிறார். ஆபீஸ் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, புதியவர் யார் என்று தெரிந்துகொள்கிறார். சொட்டுகிற குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து நிற்கிறார், ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு காது துடிக்கிறது. சாயங்காலம் சுவரோரம் படுத்து, ஓர் எறும்பு வரிசையைக் கால்மணி நேரம் வேடிக்கை பார்த்தார். வாய் மூடியிருந்தது. அதைத்தான் எடுத்தேன்.

படத்துக்குக் கீழே போட வேண்டியதை அக்கா சொல்லச் சொல்லத் தங்கை தட்டினாள். "விளையாடாது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது. அவசரப்படுகிறவர்கள் வர வேண்டாம்."

"இப்படிப் போட்டா யாரு வருவாங்க அக்கா?" என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் போட்டாள்.

ஆறு நாள் ஒரு போன்கூட வரவில்லை. சனிக்கிழமை ஒருவர் நேரிலேயே வந்தார். அச்சகத்தில் பிழை திருத்துபவராம். தனி ஆள். மேனேஜரை எட்ட நின்று பார்த்துவிட்டு அக்காவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கட்டிலுக்கு அடியில எவ்வளவு உயரம் வேணும்ங்க? என்னோடது கொஞ்சம் தாழ்வான கட்டில்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையைத் தரைக்கு மேலே பிடித்து, "இவ்வளவு இருந்தா நல்லாத் திரும்பிப் படுப்பான்," என்றார். மறுநாள் மனிதர் திரும்பி வந்தார். நாலு காலுக்கும் செங்கல் வைத்துக் கட்டிலை உயர்த்திவிட்டாராம். மேனேஜரைக் கூட்டிப்போனார்.

வண்டி கிளம்பிப் போன பிறகும் அக்கா கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. என் தங்கைதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அழலையாக்கா?" என்று கேட்டாள்.

"பத்து நாள் தாண்டட்டும். திரும்பி வரமாட்டான்னு தெரிஞ்சப்புறம் அழுதுக்கறேன்," என்று சொல்லிவிட்டு அக்கா வேலையைப் பார்க்கப் போனார்.

பதினோராம் நாள் வியாழக்கிழமை. ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு நானும் காப்பகத்துக்குப் போயிருந்தேன். பதினோரு மணிக்குப் போன் வந்தது. தங்கை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"என் செருப்பைக் கடிச்சு நார் நாராக் கிழிச்சிடுச்சுங்க," என்றார் பிழை திருத்துபவர்.

தங்கை என்னைப் பார்த்தாள். அக்கா கழுவிக்கொண்டிருந்த கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்போ... திருப்பிக் கொண்டுவந்து விடறீங்களா?" என்று தங்கை மெல்லக் கேட்டாள்.

"எதுக்குங்க? இன்னொரு ஜோடி வாங்கிட்டு வந்து கட்டில் பக்கத்துல வெச்சிருக்கேன். அதையும் கடிக்குமா, இல்ல அந்தச் செருப்பு மேலதான் கோபமான்னு பார்க்கணும். உங்ககிட்டயும் கேட்கலாம்னுதான் போன் பண்ணேன். முன்னாடி இப்படியெல்லாம் விளையாடியிருக்கா?"

"இல்லீங்க," என்றாள் தங்கை. "இதுதான் மொத தடவை."

அக்கா வாளியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுகைச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. கதவைத் தட்டப் போன தங்கையைத் தடுத்தேன். அவர் அழுது முடிக்கட்டும் என்று மிச்சமிருந்த கூண்டுகளை நானே கழுவினேன்.