ரவிக்கை முதுகில் ஒரு வேட்டை

கல்யாண ரவிக்கைகளில் மயில், யானை, பல்லக்கு, மாலை மாற்றும் ஜோடி எல்லாம் போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது. முத்தாபுதுப்பேட்டையில் ஆரி எம்பிராய்டரி வேலைக்கு லோகநாயகி என்றால் கொஞ்சம் பேர் உண்டு. பேரைவிட வாய் கொஞ்சம் பெரிசு என்றும் சொல்வார்கள். அந்த வாயையே அடைத்துவிட்டாள், தீபிகா தன் போனில் காட்டிய ராணி.

தீபிகா, டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கும் நாகம்மாக்காவின் ஒரே பெண். அம்பத்தூரில் ஐ.டி. வேலை. அம்மாவும் பெண்ணுமாகத்தான் கடைக்கு வந்தார்கள்.

"அக்கா, முதுகுல எனக்கு இதுதான் வேணும்."

வடக்கே ஏதோ ஓர் அரண்மனையில் அந்தக் காலத்தில் வரைந்த ஓவியமாம். மாடத்தின் மேல் ஒரு ராணி. அவள் கையில் அவளைவிட நீளமான துப்பாக்கி. கீழே புதருக்குள் புலி. பக்கத்தில் ஒருத்தி இன்னொரு துப்பாக்கியோடு தயாராக நிற்கிறாள், இன்னொருத்தி விசிறியோடு. ராணியின் காதில் முத்து, பாதத்தில் மருதாணி. புலியைக் குறிபார்க்கிற முகமா அது? அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்ப்பவளின் நிதானம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"இன்னாடி, கூட ஒரு ஆம்பளகூட இல்ல?"

"அதுக்குத்தான்க்கா புடிச்சிது" என்று சிரித்தாள். காலேஜில் என்.சி.சி.யில் துப்பாக்கி சுட்டவளாம்.

"கல்யாணத்துல புலியும் துப்பாக்கியுமா? சம்பந்தி ஊட்ல இன்னா நெனப்பாங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனாள் நாகம்மாக்கா.

படத்தை ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, கோடு முழுக்க ஊசியால் குத்தி, பட்டின் மேல் விரித்துப் பொடியைத் தேய்த்தேன். பேப்பரை எடுத்தால் பட்டில் ராணி புள்ளி புள்ளியாக நின்றாள். பிறகு பட்டை இழுத்துக் கட்டிய சட்டத்தின் மேல் குனிந்தவள்தான். மெல்லிய மேலாடைக்குள் அவள் கை தெரிய வேண்டும். அதற்கு வெள்ளி இழையை ஒற்றையாக ஓட்டினேன். சோறு மறந்த நாள் உண்டு. அவளோடு பேசிய நாளும் உண்டு. "இன்னா தைரியம்டி உனக்கு" என்று கேட்பேன். வெட்கமெல்லாம் இல்லை, பேசத்தான் பேசினேன்.

எந்த உருவம் போட்டாலும் கண்ணை மட்டும் கடைசியில்தான் வைப்பேன். சாமி சிலைக்குக் கண் திறப்பது மாதிரி, அது என் பழக்கம். ராணிக்கும் அந்தக் கறுப்பு மணி ஒன்றுதான் பாக்கி. இடம் பார்க்கலாம் என்று, தீபிகா அனுப்பியிருந்த படத்தை, வரைந்ததற்குப் பிறகு முதல்முறையாகப் போனில் திறந்து பக்கத்தில் வைத்தேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

போனில் ராணி வலது பக்கம் பார்க்கிறாள். என் பட்டில் இடது பக்கம் பார்க்கிறாள். பேப்பரைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். துப்பாக்கி இடது தோளில், விசையில் இடது கை. தையலைப் பிரித்தால் பட்டில் ஓட்டை ஓட்டையாக நிற்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை கரையான்சாவடி மண்டபத்தில் கல்யாணம்.

சாயங்காலம் அம்மாவும் பெண்ணும் வந்ததும் மழுப்பாமல் சொல்லிவிட்டேன். நாகம்மாக்கா குனிந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"பீச்சாங்கையா? லோகா, உனக்கு யார் சொன்னது?"

"இன்னாத்த சொன்னது?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இவளுக்கு எல்லாமே பீச்சாங்கைதான். சின்னதுல துணியால அந்தக் கைய கட்டில்கால்ல கட்டி வச்சேன், மாறட்டும்னு. பொண்ணு பாக்க வந்தப்போ வலது கையால காப்பி குடுக்க எத்தினி நாள் பழக்கினேன் தெரியுமா? தாலி ஏறுற வரைக்கும் அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு வேண்டிக்கினு கீறேன். நீ இன்னாடான்னா முதுகுலயே எழுதி ஒட்டிட்டே. ஓட்டையானாலும் பரவால்ல, பிரிச்சிடு. வேற ரவிக்கை வாங்கிக்கறோம்."

தீபிகா சட்டத்தின் முன்னால் மண்டியிட்டாள். அவள் இடது கை தானாக எழுந்தது. இல்லாத துப்பாக்கியின் மேல் கன்னம் சாய்ந்தது. மூச்சு நின்றது. நான் ராணியைப் பார்த்தேன், இவளைப் பார்த்தேன். அதே தோள், அதே நிதானம். அச்சில் வார்த்த மாதிரி இருந்தாள். பயமாகக்கூட இருந்தது எனக்கு.

"வலது பக்கம்தான் புடிக்கணும்னு என்.சி.சி. சார் சொல்லிட்டாரு. துப்பாக்கியே அப்படித்தான் செஞ்சிருக்காங்களாம். ஒருவாட்டிகூட எனக்குத் தோள்ல சரியா ஒக்காரலக்கா. இவளுக்குப் பாரு, எப்படி ஒக்காந்திருக்கு." திரும்பவே இல்லை. "இவளப் பிரிக்கக் கூடாதும்மா. இவதான் என் முதுகுல வருவா. யார் பாத்தாலும் பாக்கட்டும்."

ராணியின் முகத்தைத் தடவிப் பார்த்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு எங்கக்கா?"

"இன்னும் வைக்கல."

"நான் வைக்கட்டா?"

என் வேலையில் இன்னொருத்தியின் கை படவிட மாட்டேன். அன்றைக்கு ஏன் என்று தெரியவில்லை, ஊசியில் மணியைக் கோத்து நீட்டினேன். இடது கையால் வாங்கினாள். நல்ல காரியத்துக்கான பட்டில், அம்மாவின் எதிரிலேயே, அந்தக் கையால் குத்தினாள்.

மணி உட்கார்ந்தது. ராணி பார்த்தாள். இத்தனை நாள் நான் தைத்த துணிதான் அது, ஆனாலும் கை கூப்பிவிட்டேன். புதருக்குள் இருந்த புலிகூட இப்போதுதான் பயந்த மாதிரி தெரிந்தது.

நாகம்மாக்கா ஸ்டூலை விட்டு எழுந்து வந்தாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். பெண்ணின் தோளுக்குமேல் எட்டி, அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனில் டார்ச்சைப் போட்டு அதன் மேல் வெளிச்சம் பிடித்தாள்.

"அடில முடிச்ச நல்லா இறுக்கிப் போடுடி," என்றாள். "அவுந்துடப் போவுது."