சொங்கி மாமா விழும் இடம்

தம்பி எடுத்த ஜாம்பிப் படம் வெளியான வாரம் தியேட்டர் ஈ ஓட்டியது. கோதுமை மாவை முகத்தில் அப்பிக்கொண்டு சொந்தக்காரர்கள் தள்ளாடி நடந்தால் யாருக்குப் பயம் வரும்? பிறகு அந்த மாவுக்காகவே ஒரு கூட்டம் சேர்ந்தது. ஞாயிறு மதியக் காட்சிக்கு அவர்களும் மாவு பூசி வந்தார்கள், வசனத்தைத் திரையை முந்திக்கொண்டு சொன்னார்கள். எல்லாம் சொங்கி மாமா விழும் இடம் வரைக்கும்தான். கதாநாயகியைத் துரத்தும் அந்தக் கிழட்டு ஜாம்பி கால் பின்னிப் பொத்தென்று குப்புற விழும். உடனே தியேட்டர் மொத்தமும் இருக்கையை விட்டுத் தரையில் சரியும். தம்பி மேடையில் நின்று தொண்டை கிழிய "கட்" என்று கத்தும்வரை ஒருவரும் எழக்கூடாது. அது அவர்களாக வைத்துக்கொண்ட சட்டம்.

சொங்கி மாமா வேறு யாருமல்ல, தம்பிக்கும் அவன் அக்காவுக்கும் அப்பா. அவர் விழுந்தது நடிப்பும் அல்ல, பக்கவாதம். 'கட் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாதுப்பா' என்று காலையிலிருந்து அவருக்குப் பாடம் எடுத்திருந்த தம்பி, அவர் அசையாமல் கிடந்ததைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கேமராவையும் ஓடவிட்டான். உள்ளே அடுத்த ஜாம்பிக்கு மாவு பூசிக்கொண்டிருந்த அக்காவுக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா உயிரோடு திரும்பவில்லை. ரசிகர்களிடம் தம்பி இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இப்போது படம் புதுப் பிரதியாக ஊரெல்லாம் போகப்போகிறது. அக்கா தியேட்டர் வாசலிலேயே அவனை மடக்கினாள்.

"அந்த ஷாட்டை வெட்டு."

"அது இல்லன்னா படமே இல்லக்கா. அப்பாவை இன்னிக்கும் நாலு பேர் நினைக்கிறாங்கன்னா அதாலதான்."

"நினைக்கலடா. பல்லை இளிக்கிறாங்க."

"என் படம் ஓடினா உனக்கு வயித்தெரிச்சல்."

அவளுக்குக் கை பரபரத்தது. ஓங்கி ஒன்று விட்டிருக்கலாம். ஆனால் மாவு முகங்கள் அதற்கும் கைதட்டும் என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டாள்.

நாலு பேர் கைதட்டினால் அக்கா இளகிவிடுவாள் என்று தம்பி கணக்குப் போட்டான். மேடையேறி, "இன்னிக்குக் கட் சொல்லப்போறது சொங்கி மாமாவோட பொண்ணு" என்று அறிவித்து மைக்கை அவள் கையில் கொடுத்தான். விசில் பறந்தது. அவள் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

அப்பா விழுந்தார். தியேட்டர் விழுந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை.

கதாநாயகி தப்பி ஓடி, அடுத்த காட்சியும் வந்துவிட்டது. தரையில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"அக்கா, கட் சொல்லுங்க. கழுத்து வலிக்குது," என்றது ஒரு குரல்.

"எங்கப்பாவுக்கும் யாரும் சொல்லல," என்றாள் அக்கா மைக்கில். "அவர் நடிக்கல. பக்கவாதம் வந்து நிஜமாவே விழுந்தார். உங்களை மாதிரிதான் கிடந்தார். இவன் பக்கத்துல நின்னு சிரிச்சிட்டிருந்தான்."

தரையில் இருந்தவர்கள் எழுவதா கிடப்பதா என்று தெரியாமல் விழித்தார்கள். தம்பி அவளருகே ஓடிவந்தான்.

"சொல்லித் தொலைக்கா. மானம் போகுது."

"நீ சொல்லுடா," என்று மைக்கை அவன் வாயருகே நீட்டினாள்.

அவன் வாயைத் திறந்தான். ஞாயிறு தவறாமல் கத்திய தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. முன்வரிசையில் கிடந்த ஒரு பெண் முகத்து மாவைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கட் சொல்லாமலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.