கொக்கி பிடித்த பக்கம்

கத்தியை நீட்டிய நர்ஸ் லவானின் கை அந்தரத்தில் நின்றது. அதை வாங்க வேண்டிய டாக்டர் கொரின் அறுவை மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தாள். அறுப்பவர் நிற்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

“என்ன டாக்டர், அங்க போய் நின்னுட்டீங்க? யார் வெட்டப் போறா, நானா?”

கொரினுக்குச் சுருக்கென்றது. அவளாகப் போகவில்லை, கால்கள்தான் கொண்டுபோய் விட்டிருந்தன. பயிற்சிக் காலம் மூன்று வருடமும் அவள் நின்ற பக்கம் அது. பாத மருத்துவம் படித்தவர்கள் ஏதாவதொரு மருத்துவமனையில் பயிற்சி எடுத்தாக வேண்டும். அவளுக்கு வாய்த்தது டாக்டர் கெஸ்லிங்கின் இடம். மனிதர் கத்தியை யாரிடமும் தரமாட்டார். “பாத்துக்கிட்டே இரு, கைக்குத் தானா வந்துடும்” என்பார். சதையை விலக்கும் கொக்கியைப் பிடித்தபடி அவளும் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே காலம் போயிற்று. கூடப் படித்த டெஸ்ஸுக்குக் கிடைத்த இடமே வேறு. இரண்டாம் வருடத்திலேயே முன்பாதத்தைத் தனியாளாக வெட்டி எடுத்தவள் அவள். கடைசியில் இருவருக்கும் ஒரே சான்றிதழ், இந்த ஒஹையோ ஊரில் ஒரே வேலை. யாரிடம் போய் முட்டிக்கொள்வது? கெஸ்லிங் போன மார்ச்சில் செத்தே போய்விட்டார்.

மேஜைமேல் கிடந்தவர் ஹார்லன் ஸ்ட்ரௌட், லாரி ஓட்டி ஓய்ந்தவர். சர்க்கரை அவருடைய வலது கால் விரல்களைக் கருக்கியிருந்தது. முன்பாதத்தைச் சரியான இடத்தில் எடுத்து, அடிப்பாதத் தோலை மேலே மடித்துத் தைத்தால் குதிகாலை ஊன்றி நடப்பார். இடம் தப்பினால் தோல் செத்துவிடும், அப்புறம் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சாது. காலையில் அவர் கேட்டார், “டாக்டரம்மா, இத நீங்க நெறையப் பண்ணியிருக்கீங்கல்ல?” கொரின் சிரித்தாள். “நெறையக் கேஸ்ல இருந்திருக்கேன்” என்றாள். அது பொய்யில்லை என்று கை கழுவும்போது தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அவர் முகத்தை மறைத்திருந்த திரைக்குப் பின்னாலிருந்து இப்போது குரல் வந்தது. “யாருங்க என் பாதத்தப் புடிச்சிருக்கறது?”

ஒருவரும் பிடித்திருக்கவில்லை.

“ஊசி போட்டு மரத்துப்போன காலு, ஹார்லன். சும்மா இருங்க” என்று லவான் அதட்டினாள்.

“ஊசி என்னம்மா ஊசி, அது மரத்துப்போயி வருஷக்கணக்காச்சு. அதான் கேக்கறேன். ஆம்பளக் கை. பெரிய கை. சில்லுனு இருக்கு.”

கொரின் எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கே மேஜையிலிருந்து தொங்கிய பச்சைத் துணியின் விளிம்பு, யாரோ வயிற்றைச் சாய்த்தது போல உள்ளே அமுங்கியிருந்தது. முகமூடிக்குள் புதினா மிட்டாய் வாசனை அடித்தது. கெஸ்லிங் அறுக்கும்போது அதைத்தான் வாயில் அடக்கிக்கொள்வார். அதைவிடப் பயங்கரம், அவளுடைய வலதுகை எப்போதோ கொக்கியை எடுத்துத் தயாராக நீட்டிக்கொண்டிருந்தது. செத்த மனிதர் வெட்டட்டும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள்!

“டெஸ்ஸக் கூப்பிடுங்க.”

“என்னன்னு சொல்ல?”

“இத நான் தனியா ஒருதடவகூடப் பண்ணினதில்லன்னு சொல்லுங்க.”

சொன்ன பிறகுதான் திரைக்கு அந்தப் பக்கம் காது இருப்பது உறைத்தது. லவான் போனை நோக்கித் தலையாட்ட, சுவரோரம் நின்ற உதவியாளர் டெஸ்ஸை அழைத்தார்.

“காலையில வேற மாதிரி சொன்னீங்களே, டாக்டரம்மா” என்றார் ஹார்லன்.

“ஆமா. மழுப்பிட்டேன். மன்னிச்சுடுங்க. வேணாம்னா இப்பவே நிறுத்திடறேன்.”

“இப்பவாவது சொன்னீங்களே. தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தா பண்ணுங்க. மொதல்ல அந்த ஆளக் கைய எடுக்கச் சொல்லுங்க.”

டெஸ் ஈரக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். அங்கியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு கொரினை ஒரு பார்வை பார்த்தாள். “எந்தப் பக்கம்டி நிக்கட்டும்? நானே முடிச்சுடவா?”

சரி என்று சொல்லிவிடலாம். பாதம் பிழைக்கும், ஒருவரும் குறை சொல்லப்போவதில்லை. அடுத்த பாதத்துக்கும் கொக்கியோடு நிற்கலாம், அதற்கடுத்ததற்கும் நிற்கலாம். கொரின் கொக்கியை டெஸ்ஸிடம் நீட்டினாள்.

“நீ இதப் பிடி. கோடு தப்புச்சுன்னா யோசிக்காத, கத்தியப் பிடுங்கிக்க.”

மேஜையைச் சுற்றிக்கொண்டு போனாள். கடைசி இரண்டு எட்டில், ஆள் நிற்கும் இடத்தை ஒதுங்கிக் கடப்பதுபோல உடம்பை ஒடுக்கி விலகி நடந்தாள். லவான் அதைப் பார்த்தாள், கிண்டல் செய்யாமல் கத்தியை நீட்டினாள்.

கத்தி கைக்கு வந்தது. தோலில் வரைந்திருந்த பேனாக் கோட்டின்மேல் வைத்து அழுத்தினாள். மணிக்கட்டின்மேல் இன்னொரு கையின் கனம் இருந்தது, குளிர்ந்து, விடாமல். அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டே அறுத்தாள்.

தோல் வெள்ளையாகப் பிரிந்தது. ரத்தம் வரவில்லை. வராவிட்டால் அந்தச் சதை செத்த சதை. டெஸ் கொக்கியோடு குனிந்தாள்.

“விட்டுட்டாரு” என்றார் ஹார்லன், திரைக்குப் பின்னாலிருந்து.

வெளுத்த வெட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு எழும்பியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.