நம்பிட்டேன்

எங்கள் கடையிலிருந்து ஒரு படம் வெளியே போக வேண்டுமென்றால் என் வீட்டுக்காரர் கதவோரத்தில் நின்று ஒரு தடவை அதைப் பார்த்து, "நம்பிட்டேன்" என்று சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான். அவர் ஒரு நாளும் மீறியதில்லை.

ஏரி, மலை, பாலம், பனி விழுந்த வயல் என்று அவர் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து வருவார். நான் அதில் நிலாவை வைப்பேன். ஓட்டல்காரர்களும் வங்கிக்காரர்களும் சுவரில் மாட்ட வாங்கிப்போவார்கள். நிலா இல்லாத ஏரியை எவரும் வாங்குவதில்லை, அது அவர்களுக்கு வெறும் தண்ணீர். இரண்டையும் ஒரே படத்தில் எடுக்க முடியாதா என்று சிலர் கேட்பார்கள். எடுத்துப் பாருங்கள் என்பேன். ஏரி நன்றாக விழுந்தால் நிலா வெள்ளைப் பொட்டாகிவிடும். நிலா நன்றாக விழுந்தால் ஏரி இருட்டில் மூழ்கிவிடும். அதனால் நிலாவை நான் மொட்டை மாடியிலிருந்து நீள லென்ஸில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பிறையிலிருந்து முழுசு வரைக்கும் எல்லாம் இருக்கிறது.

நிலாவை ஒட்டுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வழுக்கைத் தலையில் யார் வேண்டுமானாலும் விக் வைக்கலாம். விக் என்று தெரியாமல் வைப்பதுதான் வேலை. முதலில் ஆசையை அடக்க வேண்டும், கை தானாகவே நிலாவைத் தாம்பாளம் அளவுக்கு இழுக்கும். அந்தி வானம் நீலமாக இருந்தால் நிலாவின் கறைகளும் அந்த நீலத்தில்தான் தெரிய வேண்டும், வானத்தைவிடக் கறுப்பாக எதுவும் அதற்குள் இருக்கக் கூடாது. சூரியன் எந்தப் பக்கமோ, பிறையின் வயிறு அந்தப் பக்கம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தூரத்து மலையே புகை மூட்டமாக மங்கியிருக்கும்போது, அதற்கும் பின்னால் இருக்கிற நிலா மட்டும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்று இருக்க முடியாது.

இத்தனையும் தெரிந்திருந்தும் கண் ஏமாற்றும். தன் முதுகு தனக்குத் தெரியாது. ஒரே நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் அது பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருந்தது போலத் தோன்றிவிடும். அதற்காகத்தான் அந்தச் சட்டம். அவர் கிட்டே வரக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது. நம்பிட்டேன், அல்லது நம்பல. அவ்வளவுதான். 'நம்பல' என்றால் எங்கே உதைக்கிறது என்று நானே தேடிக் கண்டுபிடிப்பேன். ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு 'நம்பல'யாவது வரும். போகப் போக அது நின்றேபோயிற்று. நான் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன்.

போன மாதம் புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா கடைக்கு வந்தார். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு முழுச் சுவருக்குப் படம் வேண்டுமாம். அவர் என் வீட்டுக்காரரின் படங்களையெல்லாம் தாண்டிப்போய் ஒன்றின் முன்னால் நின்றார். ஏரி, பின்னால் மங்கலான மலை, மலைமேல் அப்போதுதான் ஏறுகிற முழு நிலா. அது ஒன்றுதான் முழுக்க முழுக்க என்னுடையது. ஏரியையும் நானே போய் எடுத்திருந்தேன்.

"யார் எடுத்தது?" என்றார்.

"நான்" என்றேன். அந்த வார்த்தையைக் கடையில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்போ கீழே உங்க பேரைப் போடுங்க. கடை பேர் வேண்டாம்."

இத்தனை வருஷமாக எங்கள் படங்களின் மூலையில் கடை பெயர்தான் இருக்கும். கடை பெயர் என்றால் அவர் பெயர். என் பெயரைச் சுவரில் பார்க்கப்போகிறேன் என்று நான் ஆடிய ஆட்டத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வலது மூலையில், தண்ணீர் மேல், கண்ணை உறுத்தாத அளவில் எழுத்தை வைத்தேன். வீட்டுக்காரர் கதவோரம் வந்து நின்றார். பார்த்தார்.

"நம்பிட்டேன்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"நம்பிட்டேன்மா. ஒரு குறை இல்ல" என்றார். என் கண்ணெதிரேயே அதைப் பிரஸ்ஸுக்கும் அனுப்பிவைத்தார்.

அந்த வாரக் கடைசியில் புகைப்படச் சங்கத்தில் அவரை வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். 'நம்பும்படியான நிலா' என்று தலைப்பு. நானும் வருகிறேன் என்றேன். "உனக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்? அங்க வந்து கொட்டாவி விடப்போறியா?" என்றார். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ஆனாலும் புருஷன் மேடை ஏறினால் பார்க்க வேண்டும் என்று ஆசை இருக்காதா? நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் பேசினார். நான் சொல்லிச் சொல்லி அவருக்கு மனப்பாடமான விஷயங்கள் எல்லாம் என் வார்த்தைகளிலேயே வந்தன. கழுவிக் கவிழ்த்த தட்டுகூட வந்தது. என் படங்கள் வந்தபோது "நான் பண்ணினது" என்றார். சுருக்கென்றது. சரி, சபையில் புருஷனை விட்டுக்கொடுப்பானேன் என்று விழுங்கிக்கொண்டேன். அந்த அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை உண்டு.

பிறகு, "இப்போ சில கோளாறுகளைப் பார்ப்போம்" என்று அடுத்த ஸ்லைடைப் போட்டார்.

கல்யாணமான முதல் வருஷம் நான் அவருக்குச் செய்து கொடுத்த படம் அது. கடற்கரை, சூரியன் அப்போதுதான் இறங்கியிருக்கிறது, மேலே மூன்றாம் பிறை. என் வாழ்க்கையில் நான் வைத்த முதல் நிலா. எங்கள் படுக்கையறையில் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. விருந்தாளி யார் வந்தாலும் உள்ளே கூட்டிப்போய், "இவ பண்ணினது, எப்படி?" என்று காட்டுவார்.

"சூரியன் எங்க இருக்கு? கீழே. பிறையில வெளிச்சம் எங்க இருக்கு? மேலே" என்றார். "அப்போ நிலாவுக்கு மேலேருந்து டார்ச் அடிச்சது யாரு?"

கூடமே சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். என் பக்கத்தில் நாத்தனாரும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். "அண்ணி, இது உங்க ரூம்ல..." என்று சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை யார் பண்ணினாங்கன்னு கேக்காதீங்க. பாவம்" என்றார் மேடையிலிருந்து. அதற்கும் சிரித்தார்கள்.

அந்தப் 'பாவம்'தான் என்னைச் சுட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

அவர் வீட்டுக்கு வந்தபோது நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் முன்னாலேயே ஃபோன் பண்ணியிருப்பாள் போல. செருப்பைக் கழற்றும்போதே அவர் முகம் விழுந்திருந்தது.

"அந்தப் பிறை தப்புன்னு எப்போ தெரியும்?" என்றேன்.

"அதை விடேன். ஒரு உதாரணத்துக்கு..."

"எப்போ தெரியும்?"

"கொடுத்த அன்னைக்கே" என்றார். "ஆசையா கொண்டுவந்து கொடுத்தே. அப்போ போய் எப்படிச் சொல்றது?"

"அன்னைக்குச் சொல்ல வேண்டாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். அடுத்த வருஷம் சொல்லியிருக்கலாம். வர்றவங்க போறவங்களைக் கூட்டிட்டு வந்து காட்டினீங்களே, அவங்க போன பிறகாவது சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல வாய் வரல, ஊருக்கே சொல்ல மட்டும் வந்துதா?"

"உன்கிட்ட சொல்ல முடியுமா? மூக்குக்கு மேல கோபம் உனக்கு. அந்தப் பாலம் படத்துக்கு 'நம்பல'ன்னு சொன்னதுக்கு மூணு நாள் பேசாம இருந்தே."

இருந்தேன்தான். நாலாம் நாள் அந்தப் படத்தைச் சரிசெய்து கொடுத்தேனே, அது ஏன் அவர் நினைவில் இல்லை?

"வேற எத்தனை 'நம்பிட்டேன்' பொய்?" என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் உடைந்தது. எனக்கு அழுகை வருவதே அபூர்வம், வந்தால் கோபமாகத்தான் வரும்.

"அது ஒண்ணுதான். சத்தியமா."

"ஆஸ்பத்திரி படம்?"

"உன் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்றேன். அது உண்மையாவே நம்பினேன்" என்று என் தலையில் கை வைத்தார். கை வெதுவெதுப்பாக இருந்தது. முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன், அந்தக் கையை நான் நம்பினேன்.

ஆனாலும் காலையில் மனசு ஆறவில்லை. அவர் ஃப்ரேம் போட்ட படங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பியதும் நான் பிரஸ்ஸுக்குப் போனேன். ஆஸ்பத்திரிப் படம் அன்றைக்குத்தான் அச்சாகிறது. பிரஸ் வேலை எப்போதும் அவருடையது. மை வாடைக்கு எனக்குத் தலை வலிக்கும் என்று ஒரு நாளும் என்னை அனுப்பியதில்லை. எவ்வளவு கரிசனம் என்று அதற்கும் நான் பூரித்திருக்கிறேன்.

பிரஸ்காரர் என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கூடத்தின் நடுவே பெரிய மெஷின் நின்றது. வெள்ளைச் சுருள் ஏற்றித் தயாராக இருந்தது.

"நல்ல வேளை வந்தீங்கக்கா. ஒரு சின்னக் குழப்பம். சார் ரெண்டு ஃபைல் அனுப்பியிருக்கார். எப்பவும் ரெண்டாவது ஃபைலோட 'பழையதை அழிச்சிடு'ன்னு ஒரு வார்த்தை போடுவார். இந்தத் தடவை போடல."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். முதல்ல ஒண்ணு வரும், அப்புறமா திருத்தி இன்னொண்ணு வரும். நான் ரெண்டாவதுதான் அடிப்பேன்" என்றார். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறக்கச் சொன்னேன்.

இடது பக்கம் என் படம். வலது பக்கம் அதே ஏரி, அதே மலை, அதே மூலையில் என் பெயர். நிலாவை மட்டும் தொட்டிருந்தார். வெண்மையைக் குறைத்து, மலையின் புகையை அதன்மேலும் மெல்லப் பரப்பி, அடிப்பகுதியைக் கொஞ்சம் பழுப்பாக்கி, தண்ணீரில் விழும் ஒளியையும் அதே அளவுக்கு மங்கவைத்திருந்தார்.

அப்போதுதான் என் நிலா எனக்குத் தெரிந்தது. மலைக்குப் பின்னால் அது இல்லவே இல்லை. மலைக்கு முன்னால் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. கழுவிக் கவிழ்த்த தட்டு. ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவள் என் சொந்தப் படத்தில் அதை விட்டிருக்கிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஒரே ஒரு 'நம்பல' போதும், அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன்.

சுவரில் மாட்டிய பிறகு என் படங்கள் எப்போதும் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தெரியும். ஓட்டல் வரவேற்பறையில் நின்று, "கம்ப்யூட்டர்ல பார்த்ததைவிட இது நல்லா இருக்குல்ல?" என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். "பெருசா பார்த்தா அப்படித்தான் தெரியும்" என்பார். இந்த ஊரில் எத்தனை சுவர்களில் எத்தனை நிலாக்கள்! அவற்றில் எது என்னுடையது என்று இனி எனக்கே தெரியாது. கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்கள். இவர் பறித்த குழியில் பூச்செடி வேறு நட்டு வைத்திருந்தார், நான் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

"எதைப் போடட்டும்க்கா?"

என் ஃபோன் அடித்தது. அவர்தான். அடித்து ஓயட்டும் என்று விட்டேன்.

என் படத்தைப் போட்டால் ஒரு சுவர் நிறையத் தப்பான நிலா நிற்கும். அது என்னால் ஆகாது, கோபத்துக்குக்கூட ஆகாது. அவருடையதைப் போட்டால் நிலா சரி, பெயர் பொய். இப்போதே உட்கார்ந்து என் படத்தை நானே திருத்தலாம். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிற மாதிரி. அதற்கும் மனசு வரவில்லை.

"ரெண்டாவதைப் போடுங்க. பேரை மட்டும் எடுத்துடுங்க."

பிரஸ்காரர் தலையைச் சொறிந்தார். "பேர் தனியா இல்லக்கா. சார் எல்லா லேயரையும் சேர்த்து ஒண்ணாக்கி அனுப்பியிருக்கார். எழுத்து தண்ணியோட ஒட்டிக்கிச்சு. கை வெச்சா தண்ணி கெட்டுடும்."

"எழுந்திரிங்க. நான் பண்றேன்."

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்து கொஞ்சம் தண்ணீரை எடுத்து முதல் எழுத்தின் மேல் வைத்தேன். அலை ஓடும் திசை பார்த்து, வெளிச்சம் குறைகிற இடம் பார்த்து, ஓரத்தை மென்மையாக்கி, அடுத்த எழுத்து. எந்த நிலாவுக்கும் நான் இவ்வளவு பொறுமையாக வேலை செய்ததில்லை. ஃபோன் மறுபடி அடித்து ஓய்ந்தது. கடைசி எழுத்தும் மூழ்கியதும் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

பிரஸ்காரர் குனிந்து மூலையைத் தேடினார், மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு.

"இங்க ஒரு பேர் இருந்துச்சுன்னு சொன்னா யாருமே நம்ப மாட்டாங்கக்கா" என்றார்.

மெஷினை ஓட்டச் சொன்னேன்.